நாவின் தீர்ப்பு – 14: தம்ளரோடு எழுந்த தக்கை

தம்ளரைத்தான் எடுத்தாள். தக்கையும் கூடவே வந்தது.

மாமனாரின் கட்டிலருகே, மருந்துப் புட்டிகளுக்கு நடுவே, எப்போதும் ஒரு கண்ணாடித் தம்ளர் இருக்கும். மேசையில் ஈரவட்டம் விழாதிருக்க, அதன் அடியில் வட்டமாக நறுக்கிய தக்கை ஒன்று இருக்கும். கழுவுவதற்காகத் தம்ளரைத் தூக்கிய மருமகளின் கையில் இரண்டும் ஒன்றாக எழுந்தன. ஒரு கணம் அந்தரத்தில் தொங்கிய தக்கை, மனமில்லாமல் பிரிந்து தரையில் விழுந்தது. அவள் தம்ளரின் அடியை விரலால் தொட்டாள். விரல் ஒட்டியது. எடுத்தாள், மறுபடி தொட்டாள். மறுபடியும் ஒட்டியது.

பிசுக்கு!

அந்த அறையில், அந்தத் தம்ளரில், அந்தப் பிசுக்குக்கு என்ன வேலை?

மாமனாரின் இடது பாதத்துப் புண் ஆற மறுக்கிறது என்பதையும், சென்ற வாரம் கட்டுப் பிரித்துப் பார்த்த மருத்துவர் வாசல்வரை நடந்துபோய், மருமகளிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னதையும் நாம் அறிவோம். இரத்தத்தில் சர்க்கரை இறங்கவே இல்லை; இப்படியே போனால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்றார் அவர். யாருக்கும் தெரியாமல் எதையாவது தின்கிறாரா என்றும் கேட்டார். அன்று முதல் அவள் சமையலறை அலமாரிகளைத் துழாவினாள். தலையணைக்கு அடியில் கூடப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மாமனார் உண்பது அளந்த உணவு. குடிப்பதோ ஒன்றே ஒன்று. அவர் தொடங்கிய தொழிற்சாலையில், அவர் பெற்ற பிள்ளைகள் செய்து, ஊரெல்லாம் நீரிழிவுக்காரர்கள் நம்பி வாங்கும் 'மெல்லினிப்பு' எலுமிச்சைப் பானம்.

அள்ளிப் போட வேண்டிய இடத்தில் கிள்ளிப் போட்ட சர்க்கரை. அந்தக் கிள்ளலை அள்ளலாகக் காட்டும் ஓர் இலையின் சாரம். மெல்லினிப்பின் மந்திரமெல்லாம் அவ்வளவுதான். சாரத்துக்கென்று தனி இனிப்புக் கிடையாது. நாவிலே சர்க்கரை வந்து தட்டுகிற கதவு ஒன்று உண்டென்று வைத்துக்கொண்டால், சாரம் அந்தக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொள்ளும். ஒருவன் உள்ளே நுழைந்தால் ஊர்வலமே நுழைந்ததாக நா மயங்கும். இதுவும் ஏமாற்றுதான். ஆனால் எவர் உடலையும் கெடுக்காத ஏமாற்று.

அந்தப் பானம் காய்ந்தால் ஒட்டாது. தொழிற்சாலையில் அவள் ருசி பார்க்கும் சுவைக்கூடத்தின் வெள்ளை மேசையில் அதைச் சிந்தாத நாள் இல்லை. காய்ந்தபின் கையால் தடவினால் கண்ணாடிபோல் வழுக்கும்.

ஆனால் இது ஒட்டுகிறது.

"என்னம்மாடி, தம்ளரையே முறைச்சுட்டு நிக்கிற?" கட்டிலிலிருந்து மாமனார் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா. நேத்து இதுல வேற எதையாவது ஊத்திக் குடிச்சீங்களா?"

"நம்ம சரக்கைத் தவிர வேற எதுவும் இந்த வாயில படல."

சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தார். சன்னலில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

*

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் தராசம்மா. இரண்டு கோப்பைகளுக்கு இடையே ஒரு சிட்டிகை வேறுபாடு இருந்தாலும் அவள் நா சொல்லிவிடும். அந்த நாவுக்காகவே இந்த வீட்டில் எத்தனை காவல்! காரம் கூடாது, சூடாக எதுவும் கூடாது, உதட்டுச் சாயம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: சுவைக்கூடத்துக்கு வெளியே மெல்லினிப்பு ஒரு சொட்டும் அவள் வாயில் படக்கூடாது. வேளை கெட்ட வேளையில் குடித்துக் குடித்து நா பழகிவிட்டால் தராசு பிசகிப் போகுமாம். நல்ல விதி என்று அவளும் தலையாட்டியிருந்தாள். அவள் நாவைப் பாராட்டாதவர் அந்த வீட்டில் இல்லை. அது பேச வாயெடுத்தால் கேட்பவரும் அங்கு இல்லை. ருசி பார்க்க ஒரு நா, யோசனை சொல்ல வேறு நாக்கள் என்று பங்கு பிரித்து வைத்திருந்தார்கள்.

இன்று அந்த நாவுக்குப் பெரிய வேலை. பெரிய மருத்துவமனை ஒன்றின் உணவியலாளர் பிற்பகலில் வருகிறார். நோயாளிகளின் தட்டில் மெல்லினிப்பை வைக்கலாமா என்று முடிவு செய்ய வருகிறார். இயந்திரம் ஆயிரம் சொல்லட்டும், அந்த அம்மா வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவரே சொல்லியனுப்பியிருந்தார்.

தக்கையை முந்தானையில் முடிந்துகொண்டு தராசம்மா தொழிற்சாலைக்கு நடந்தாள்.

முதல் சந்தேகம் கொழுந்தன்மேல் விழுந்தது. விழாமல் எப்படி இருக்கும்? இலையைக் கண்டுபிடித்தவன் அவன். சாரத்தை இறக்குபவன் அவன். வீட்டில் அவனுக்குப் 'பச்சிலை' என்றே பெயர். இலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு எதையோ பொடியாக்கிக் கொடுக்கிறானா?

பச்சிலையின் ஆய்வறைக்குள் நுழைய வேண்டுமானால் கால் வைக்க இடம் தேட வேண்டும். கழுவாத குடுவைகள், கறை பிடித்த மேசை, முந்தாநாள் தின்று காய்ந்த தட்டு. அவனுக்குப் பெண் கொடுக்கிறவன் கூடவே ஒரு துடைப்பத்தையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மாமனாரே கேலி செய்வதுண்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தான் அவன்.

"தம்பி, உன் பொடியை வெறும் தண்ணியில கரைச்சுக் கொடு."

அவன் நிமிர்ந்தான். "என்ன அண்ணி, காலங்காத்தால என்மேலயே சந்தேகமா?"

"உன்மேல இல்ல. பொடிமேல."

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி" என்று சிரித்தான். சிரித்தாலும் தயங்கவில்லை. உடனே கரைத்து நீட்டினான்.

அவள் வாய் கொப்பளித்தாள். ஒரு வாய் எடுத்து, நாவின் நுனிக்கும் ஓரத்துக்கும் அடிக்கும் அனுப்பிப் பார்த்துத் துப்பினாள். வெறும் தண்ணீர். மழையில் நனைந்த புல்லின் வாசனை லேசாக. இனிப்பு எள்ளளவும் இல்லை. பொடிக்குள் யாராவது இனிப்பை ஒளித்து வைத்திருந்தால் இப்போது அது பல்லைக் காட்டியிருக்கும். அதே நீரில் சிட்டிகை சர்க்கரையைப் போடச் சொன்னாள். மறுபடி சுவைத்தாள். இனிப்பு தாமதமாக வந்தது. வந்து, போக மனமில்லாத விருந்தாளிபோலத் தொண்டையில் சம்மணமிட்டு உட்கார்ந்தது. அவள் பழகிய, அவள் நம்பிய, அவள் சான்று சொன்ன அதே இனிப்பு.

பொடி உத்தமம். அப்படியானால் பிசுக்கு எங்கிருந்து வந்தது?

தக்கையை எடுத்துக் காட்டினாள். மாமனாரின் தம்ளரைச் சொன்னாள். பச்சிலையின் சிரிப்பு மெல்ல வடிந்தது. சுவைக்கூடத்துக்கு வரும் மாதிரி இந்த அறையில் பச்சையாகக் கலந்தது என்றும், கடைக்குப் போகும் சரக்கைக் கெடாமல் இருக்கக் காய்ச்சித்தான் புட்டியில் அடைக்கிறார்கள் என்றும் அவன் விளக்கினான். அந்தச் சூட்டில் சாரம் பாதி செத்துவிடும், மீதி கசக்கும். தொடக்கத்திலேயே அண்ணனிடம் சொன்னானாம்.

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'சரி பண்ணியாச்சு'ன்னார். எப்படிச் சரி பண்ணினார்னு நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா பதில் வரும் அண்ணி."

அவள் நின்றாள். கசப்பை எப்படிச் சரி செய்வார்கள்? மாடியில் பாகு அறை இருக்கிறது. செங்குத்தான இரும்புப் படிகளில் ஏறிப் போக வேண்டும். தொழிற்சாலையின் சாதாரணப் பழரசத்துக்கான சர்க்கரை மூட்டைகள் அங்கேதான் அடுக்கியிருக்கும். மெல்லினிப்பின் பாகையும் அங்கேதான் கலப்பார்கள். அதை வேலையாள் கை தொடக் கூடாது, குடும்பத்துக் கைதான் கலக்க வேண்டும் என்பது மாமனார் வைத்த வழக்கம். அவர் கால் முடங்கிய பிறகு பிள்ளைகள் இருவரும் முறை வைத்துக் கலக்கிறார்கள். மருமகளை ஒருநாளும் அங்கே ஏறவிட்டதில்லை.

மூட்டையும் அங்கே. பாகும் அங்கே. கலப்பது வீட்டுக் கை. வேலி எதற்காகப் போட்டார்கள்? பயிரைக் காக்கவா, மேய்வதை மறைக்கவா?

*

தெருமுனைக் கடையில் குளிர்பெட்டியின் மேல்தட்டு முழுவதும் மெல்லினிப்புதான். ஒரு புட்டி கேட்டாள்.

"கொல்லன் வீட்டம்மாவே ஊசி வாங்க வந்த கதையா இருக்கே" என்றார் கடைக்காரர். "வீட்டுல கேட்டா குழாயிலயே விடுவாங்களே."

"வீட்டுல கேக்க முடியல. அதான் இங்க வந்தேன்" என்றாள்.

அருகில் ஒரு பெண் இரண்டு புட்டிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். தன் தாய்க்கு எதைக் குடித்தாலும் பயம் என்றும், இது ஒன்றைத்தான் அச்சமில்லாமல் குடிக்கிறாள் என்றும் அவள் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய முதலாளியே சர்க்கரைக்காரராம், அவரே குடிக்கிறாராம், அப்புறம் நமக்கென்ன என்றாள்.

தராசம்மா கடையின் நிழலில் ஒதுங்கி மூடியைத் திருகினாள். இத்தனை காலம் காத்த விதியை நடுத்தெருவில் உடைத்தாள்.

இனிப்பு உடனே வந்தது. தயங்கவில்லை, தாமதிக்கவில்லை. நுனிநாவில் நேராக வந்து இறங்கி, நிறைத்து, சொல்லிக்கொண்டு போய்விட்டது. அந்த நடையை அவள் அறிவாள். அது இலையின் நடை இல்லை. அடியில் மெல்லிய கசப்பு. அதன்மேல் ஒரு மூட்டைச் சர்க்கரையின் அப்பட்டமான, வெட்கமில்லாத இனிப்பு.

ஊரில் யார் குடித்தாலும் இந்த வேறுபாடு தெரியாது. தெரியக்கூடியது ஒரே ஒரு நாவுக்குத்தான். அந்த நாவை மட்டும் இந்தப் புட்டியின் பக்கம் வரவிடாமல் ஒரு விதி காத்து நின்றது. தராசு பிசகக் கூடாது என்றார்களே, அந்தத் தராசில் எதை நிறுக்கக் கூடாது என்பதல்லவா அவர்களின் கவலை!

அந்த விதியை அவளிடம் வந்து சொன்னவன் யார்? அவள் கணவன்.

காய்ச்சும் கூடத்தையும் நிரப்பும் கூடத்தையும் நடத்துகிறவன் யார்? அவள் கணவன்.

ஒரே இலையில் உண்டு, ஒரே கூரையில் உறங்கிய மனிதன் தன் தகப்பனின் காலைத் தம்ளர் தம்ளராகக் கரைத்துக்கொண்டிருந்தானா? நினைப்பே நாவில் கசந்தது. கசந்தது என்பதற்காகத் துப்பிவிடக்கூடிய நினைப்பாகவும் அது இல்லை.

சுவைக்கூடத்துக்குத் திரும்பியதும் அவள் இரண்டு தம்ளர்களை எடுத்தாள். ஒன்றில் பச்சிலை அனுப்பிய மாதிரி, மற்றதில் கடைப்புட்டி. அந்தந்தப் பானத்திலேயே தம்ளரின் அடியை நனைத்து, தனித்தனித் தக்கையின்மேல் வைத்து, மின்விசிறியின் நேர்கீழே நகர்த்தினாள். பிறகு காத்திருந்தாள். காய்வதற்கு எந்தக் கட்டளையும் தேவையில்லை. காய்வது தானே காயும்.

*

விருந்தினர் வருவதற்குச் சற்று முன்பு கணவன் நடைவழியில் அவளை மடக்கினான். சட்டை புதிது. முகத்தில் வியர்வை.

"இந்தா, அந்தம்மா ஏதாவது துருவிக் கேட்டா நீ இழுக்காத. 'அதே ருசிதான்'னு ஒரு வார்த்தை. அது போதும்."

"எதோட அதே ருசி?"

"என்ன கேள்வி இது? நீ தினம் குடிக்கிறதோட."

"கடைக்குப் போறதும் அதுதானா?"

அவன் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினான். ஒற்றி முடித்ததும் மடித்தான். மடித்ததை மறுபடி பிரித்தான். "பின்ன வேற என்ன போகும்?" என்றான். அவன் கண்ணில் இருந்தது பயமா, பதற்றமா, அல்லது புரியாத வெறும் எரிச்சலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிட்டிகை வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தவளுக்குச் சொந்தக் கணவனின் முகம் பிடிபடவில்லை.

உணவியலாளர் குறித்த வேளையில் வந்தார். நரைத்த கூந்தலும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக, சுற்றி வளைக்காமல் பேசும் பெண்மணி. மாமனாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான் பச்சிலை. கட்டுப் போட்ட பாதம் முன்னே நீட்டிய பலகையில் இருந்தது. உணவியலாளரின் பார்வை முதலில் அந்தக் கட்டின்மேல்தான் விழுந்தது. "நீங்களும் இதைத்தான் குடிக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டார். மாமனார் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நம்பித்தானே ஊரே குடித்துக்கொண்டிருந்தது!

கணவன் பேசினான். இலையின் பெருமை, இனிப்பின் அருமை, நோயாளியின் நிம்மதி என்று அடுக்கினான். உணவியலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தராசம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நான் உங்களைக் கேக்கத்தான் வந்தேன். இது நோயாளிக்குக் கொடுக்கலாம்னு நீங்க உங்க வாயால சொன்னா போதும்."

மின்விசிறியின் கீழே இரண்டு தம்ளர்களும் காய்ந்து நின்றன.

"சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும்" என்ற தராசம்மா, கணவனைப் பார்த்தாள். "ஏங்க, அந்த இடதுபக்கத் தம்ளரைத் தூக்குங்க."

அவன் விழித்தான். தூக்கினான். தம்ளர் எழுந்தது. தக்கை மேசையிலேயே கிடந்தது.

"இது தம்பி கலந்து எனக்கு அனுப்புறது. இப்ப வலதுபக்கம்."

தூக்கினான். தக்கையும் எழுந்தது. அவன் கையை உதறினான், அது விழவில்லை. குற்றவாளியின் காலைப் பற்றிய சங்கிலிபோலத் தொங்கியது.

"இது தெருமுனைக் கடையில நான் வாங்கினது. அதே பேரு, அதே புட்டி. ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு சொல்ல நாக்குகூட வேண்டாம், விரலே போதும்." அவள் உணவியலாளரின் பக்கம் திரும்பினாள். "இதுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேங்க. ஒரு நோயாளிக்கும் கொடுக்காதீங்க. கடைகள்ல இருக்கிற எல்லாப் புட்டியையும் இன்னிக்கே திரும்ப எடுக்கணும். எங்க மாமா தம்ளரை நான் காலையிலயே எடுத்தாச்சு."

உணவியலாளர் தக்கையை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்தார். வாசலில் நின்று, எல்லாப் புட்டிகளும் திரும்பியதும் தனக்கு ஆள் அனுப்பச் சொன்னார்; அனுப்பாவிட்டால் தானே ஊருக்குச் சொல்லிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

கணவன் இன்னும் அந்தத் தம்ளரைப் பிடித்தபடியே நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. மாட்டிக்கொண்டவனின் வெளுப்பா, ஏமாந்தவனின் வெளுப்பா?

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அவள். "வெளிய ஒரு சொட்டும் குடிக்கக் கூடாதுன்னு எனக்கு விதி போட்டது நீங்கதானே?"

"நான் வந்து சொன்னேன், உண்மைதான்." அவன் குரல் தடுமாறியது. "ஆனா சொல்லச் சொன்னது..."

"போதும்டா."

மாமனாரின் குரல். தளர்ந்த குரல்தான். ஆனால் அந்தக் கூடத்தைக் கட்டிய குரல். இருவரும் திரும்பினார்கள்.

"பெரியவனை விட்டுடும்மா. பாகு அறைச் சாவி என்கிட்டதான் இருக்கு. கசக்குதுன்னு சர்க்கரையை அள்ளிக் கொட்டினது நான். ஊருக்கு ஊத்தினதை நானும் குடிச்சேன். கணக்கு சரியாப் போச்சு."

தராசம்மா அவர் கண்களைப் பார்த்தாள். அவர் மறுபடியும் சன்னலைப் பார்த்தார். அவளோ சன்னலைப் பார்க்கவில்லை. பலகையில் கிடந்த அந்தப் பாதத்தைப் பார்த்தாள். அதன்பின், திறந்த கதவு வழியே தெரிந்த இரும்புப் படிகளைப் பார்த்தாள். செங்குத்தான படிகள். புண் வந்த நாளிலிருந்து அவர் அவற்றில் ஒன்றைக்கூட மிதித்ததில்லை. சாவி யார் இடுப்பில் வேண்டுமானாலும் இருக்கட்டும்; மூட்டை இருந்த அறைக்கு ஏறியது இந்தக் கால் இல்லை!

பெரியவர் பொய் சொல்கிறார். தம் காலையே விலையாக வைத்து, யாரையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொல்கிறார். யாரை?

அப்போதுதான் அவள் காதில் அந்த ஓசை விழுந்தது. ஈரத்துணி மேசையில் உரசும் ஓசை.

தான் தின்ற தட்டைக்கூட ஒருநாளும் கழுவியறியாத பச்சிலை, யாரும் சொல்லாமலே, தலை நிமிராமலே, கடைப்புட்டித் தம்ளர் இருந்த இடத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.